வெறுநிலம் ஆக்கும் துவக்கு

மதுரங்குளிப் பக்கத்தில் துவக்கு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தென்னந்தோட்டத்துக் காவற்காரர் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது துவக்கு. காட்டுப்பன்றி வரும் தடத்தில் கம்பியை இழுத்துப் பற்றைக்குள் மறைத்து வைப்பது கட்டுத்துவக்கு. சட்டம் அதனைத் தடுத்திருக்கிறது, ஆயினும் அது ஒழிந்தபாடில்லை. பன்றிக்கு வைத்தது பசுவின் காலை உடைக்கும். விறகுக்குப் போன மனிதனின் முழங்காலையும் உடைக்கும். கிழக்கே காட்டோரக் கிராமங்களில் யானை இறங்கினால் யானைவெடியைக் கொளுத்துவார்கள். இரவில் எங்கோ ஒரு சத்தம் கேட்டால், பாயிற் படுத்தபடியே அது யானைவெடியா, பன்றிக்கு வைத்ததா என்று பிரித்துச் சொல்லும் பெரியவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதும் நாம் துவக்கு என்பதும் ஒரே துருக்கிச் சொல்லின் இரு பிள்ளைகள் என்பர் அகராதிக்காரர்.

நாம் இங்கு எழுதப் புகுந்தது இவற்றுள் எதனையும் பற்றியன்று. விசையை ஒரு முறை அழுத்திப் பிடித்தால், கை எடுக்கும்வரை ஓயாது சுடும் இயந்திரத் துவக்கைப் பற்றி எழுதுகிறோம். பட்டாளத்தார் அதிலும் ஒரு வகையைப் பொதுநோக்கு இயந்திரத் துவக்கு என்று அழைப்பர். குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இப்படியும் ஒரு பொருளா என்று வாசகர் கேட்கலாம். காரணம் எம்மிடம் படிக்கும் பிள்ளைகளே.

கைத்தொலைபேசியில் யுத்த விளையாட்டு ஆடாத பையன் இன்று அரிது. அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது, எந்தத் துவக்கு எந்த நாட்டுடையது, எத்தனை கிலோ எடை, நிமிடத்துக்கு எத்தனை ரவை கக்கும் என்றெல்லாம் அவர்கள் ஒப்பித்தார்கள். வாய்பாட்டை இவ்வளவு ஒழுங்காக ஒப்பித்தால் கணித ஆசிரியர் எவ்வளவு மகிழ்வார்! அவர்களுள் ஒருவன், "அதை ஏன் சேர் பொதுநோக்கு என்று சொல்லுகிறார்கள்?" என்று கேட்டான். நாம் வாய் திறக்குமுன் பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி, "எங்கட உம்மம்மாவுக்கு இந்தப் பேர் ஒண்டும் தெரியாது சேர். சத்தம் மட்டும் தெரியும்" என்றாள். அவளுடைய குடும்பம் 1990ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்தது.

அவன் கேட்ட கேள்விக்கும் அவள் சொன்ன சொல்லுக்கும் சேர்த்தே விடை எழுதவேண்டும் என்று எமக்குத் தோன்றிற்று.

முதலிற் பையனின் கேள்வி. அமெரிக்காவிற் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய ஹைரம் மக்சிம் என்பவர் 1884ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தானே இயங்கும் துவக்கைச் செய்தார். அதற்கு முன்னரும் வேகமாகச் சுடும் கருவிகள் இருந்தன; அவற்றைக் கையாற் சுழற்ற வேண்டும். துவக்குச் சுடும்போது தோளைப் பின்னே தள்ளுகிறதே, அந்தத் தள்ளுதலை வீணாக்காமல், வெறுங்கூட்டை வெளியே எறியவும் அடுத்த ரவையை உள்ளே ஏற்றவும் ஏன் பயன்படுத்தக்கூடாது என்று மக்சிம் எண்ணினார். நிமிடத்துக்கு 600 ரவை என்ற கணக்கு அங்கே பிறந்தது. வீட்டில் உள்ள தையல் இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊசி ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள் கீழேயுள்ள பல், துணியை ஒரு தையல் தூரம் முன்னே தள்ளிவிடுகிறது. துணியின் இடத்தில் ரவைகள் கோத்த பட்டியை வைத்துக்கொள்க. மிதிப்பவர் மட்டும் இல்லை. ஒவ்வொரு வெடியும் அடுத்த வெடிக்கு வேண்டிய மிதியைத் தானே மிதித்துக்கொள்கிறது.

மக்சிம் விசித்திரமான மனிதர். எலிப்பொறி செய்தார்; மார்புச்சளியால் வருந்தித் தமக்கென மருந்தாவி உறிஞ்சும் கருவி ஒன்றும் செய்தார். துவக்கைச் செய்தபோது பாராட்டிய உலகம், நோயாளிக்கு உதவும் கருவியைச் செய்தபோது போலி மருத்துவம் என்று நகைத்ததாக அவர் பின்னாளிற் குறைப்பட்டுக்கொண்டார். தாம் செய்த துவக்கின் சத்தத்தாலேயே அவருடைய செவிகளும் கெட்டன.

அந்தத் துவக்கு முதலிற் சென்றது ஆபிரிக்காவுக்கு. 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி சூடானில் ஒம்துர்மான் என்னுமிடத்தில், ஏறத்தாழ 10,000 சூடானியர் ஒரே காலையில் மாண்டனர். பிரித்தானிய எகிப்தியப் படையில் இறந்தோர் 50 பேருக்கும் குறைவு. ஐரோப்பியர் அதனை நாகரிகத்தின் வெற்றி என்று கொண்டாடினர். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி பிரான்சில் சொம் ஆற்றங்கரையில் அந்நாகரிகத்தார் ஒருவரோடொருவர் மோதியபோது, பிரித்தானியப் படையில் மட்டும் ஒரே நாளில் 19,240 பேர் இறந்தார்கள். ஜேர்மானியர் வைத்திருந்ததும் பிரித்தானியர் வைத்திருந்ததும் மக்சிம் துவக்கின் வழிவந்தவையே. தாம் கறுப்பர்மீது ஏவியது தம்மீது திரும்பியபோதுதான் அது கொடிய ஆயுதம் என்ற எண்ணமே அங்கே பரவலாக எழுந்தது.

அக்காலத்துத் துவக்குப் பெரும் பாரம். குழல் சூடேறாதிருக்க அதனைச் சுற்றி நீர்க்கூடு, கீழே இரும்பு முக்காலி, ரவைப் பெட்டிகள். பிரித்தானியரின் விக்கர்ஸ் துவக்கைச் சுமந்து இயக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஆகவே அது ஓரிடத்தில் அமர்ந்திருந்து காவல் செய்யும். ஓடிச் செல்லும் வீரனுக்கு இலேசான துவக்கு வேறாகச் செய்தார்கள். மேலே வளைந்த ரவைக்கூடு பொருத்திய பிரென் துவக்கு அவ்வகையது. 1949இல் அமைந்த இலங்கை இராணுவத்திலும் அது நெடுங்காலம் இருந்தது. இலேசானதால் ஓயாது சுட முடியாது, 30 ரவை தீர்ந்தால் கூட்டை மாற்ற வேண்டும். ஓயாது சுடக்கூடியதைத் தூக்க முடியாது. அந்த இரண்டையும் ஒன்றாக்கியவர் ஜேர்மானியர்.

1934இலும் 1942இலும் அவர்கள் செய்த துவக்குகளுக்கு நீர்க்கூடு இல்லை. சூடேறிய குழலைச் சில நொடிகளிற் கழற்றி, வேறு குழலை மாட்டிவிடலாம். முன்னே இரண்டு கால்களை விரித்துத் தரையில் வைத்தால் ஒருவர் கையாளும் இலேசான துவக்கு. முக்காலியில் ஏற்றினால் அதுவே கோட்டை காக்கும் கனத்த துவக்கு. வண்டியிற் பூட்டினால் வண்டித் துவக்கு. வானத்தை நோக்கி நிமிர்த்தினால் விமானத்துக்கு எதிர்த் துவக்கு. பொதுநோக்கு என்ற பெயரின் விளக்கம் இவ்வளவே. 1942ஆம் ஆண்டுத் துவக்கை வடிவமைத்த தொழிற்சாலை அதுவரை தகட்டு விளக்குகளும் பாத்திரங்களும் செய்துவந்தது. இருட்டில் மக்களுக்கு விளக்குச் செய்த கைகள், நிமிடத்துக்கு 1,200 ரவை சுடும் கருவியைத் தகட்டிலேயே அழுத்திச் செய்துவிட்டன.

யுத்தம் முடிந்தபின் வெற்றி பெற்றோர் தோற்றோரின் கருவியைப் படித்தனர். பெல்ஜியத்தில் ஹேர்ஸ்ரால் என்னும் ஊர்த் தொழிற்சாலையில் ஏர்னெஸ்ட் வெர்வியே என்பவர், அமெரிக்கரான ஜோன் பிரௌனிங்கின் பழைய பூட்டு முறையையும் ஜேர்மானியரின் பட்டி இழுக்கும் முறையையும் இணைத்து 1950களில் ஒன்று செய்தார். மாக் என்று பெயர் பெற்ற அத்துவக்கு ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ளது. 80க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. இந்தியாவிலும் அதனைச் செய்கிறார்கள். ரஷ்யாவிற் கலாஷ்னிகோவ் 1961இல் ஒன்று செய்து, 1969இல் அதனை இன்னும் மெலிவித்தார், அது 7.5 கிலோ. ஒரு பெரிய பலாப்பழத்தின் எடைதான். சீனர் அதனைப் பார்த்துத் தாமும் செய்தனர். எமது நாட்டின் நெடிய யுத்தத்தில் இவ்விரு குலத்தனவும் பங்கு கொண்டன. இராணுவத்திடம் மாக் துவக்கும் சீனத் துவக்கும் இருந்தன. விடுதலைப் புலிகளிடம் ரஷ்யக் குலத்தது இருந்தது. ஆறு பேர் சுமந்ததை ஒருவர் தோளிற் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம், வள்ளத்தில் ஏற்றலாம், ஹெலிகொப்டர் வாசலில் தொங்கவிடலாம் என்றானபின், அது போகாத ஊர் எது?

இவ்வளவும் பையன்களுக்கு ஓரளவு தெரிந்தவை. தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 ரவை கோத்த பட்டி ஏறத்தாழ 3 கிலோ. நிமிடத்துக்கு 750 என்ற வேகத்தில் அது எட்டே நொடியில் தீரும். இடைவிடாது சுட்டால் ஒரு நிமிடத்தில் குழலை மாற்ற வேண்டும், இல்லையேற் குழல் கெடும். ஆகவே உண்மையான யுத்தத்தில் எவரும் விளையாட்டிற்போல் விசையைப் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை. ஆறு, ஏழு ரவை, சற்று நிறுத்தம், மீண்டும் ஆறு, ஏழு. அப்படிச் சுடும் ரவைகள் எல்லாம் ஒரே துளையில் விழா. குழல் நடுங்குவதாற் சிதறி, தொலைவில் ஒரு நீள்வட்டத்துக்குள் விழும். நூறு மீட்டர் வரை நீளம், ஓரிரு மீட்டர் அகலம். போர்ப்பயிற்சி நூல்கள் இந்த நீள்வட்டத்தையே பெரிதாகப் பேசுகின்றன, மனிதனை அன்று. அந்த நீள்வட்டத்துக்குள் எவரும் நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது, தலை நிமிரக்கூடாது. அதுவே அத்துவக்கின் வேலை. அதிலிருந்து புறப்படும் ரவைகளில் மிகப்பெரும்பாலானவை எவரையும் தொடுவதில்லை. மண்ணில் விழுகின்றன, மரத்தில் விழுகின்றன. அவை வீணானவை என்று எண்ணலாகாது. எதிரே உள்ளவர் மண்ணோடு மண்ணாய் ஒட்டிக் கிடந்தாரே, அதற்காகவே அவை சுடப்பட்டன.

ரவை நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் ஓடுவது. ஒலி 340 மீட்டரே ஓடும். ஆதலால் தொலைவிலிருந்து சுடப்பட்டவன் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னரே ரவை வந்துவிடுகிறது. சத்தத்தைக் கேட்டவர் எல்லாரும் தப்பியவர் என்று பொருள். உம்மம்மாவுக்குச் சத்தம் தெரியும் என்று அப்பிள்ளை சொன்னபோது, எமது மனம் முதலில் இந்தப் பௌதிகக் கணக்கிலேதான் போய் நின்றது.

கருவி அஞ்சவைத்து நிலத்தை வெறுமையாக்குகிறது. மனிதர் விலகியபின் நிலம் அதற்கு உரியவர் வசமாகிறது. இதனை விளங்கிக்கொண்டால் எமது நாட்டின் சரித்திரத்தில் ஒரு நெடிய பகுதி விளங்கிவிடும்.

புத்தளத்தார்க்கு யுத்தக் கருவி புதிதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின், பிரித்தானியக் கடற்படையார் புத்தளத்தில் ஒரு விமானத் தளம் அமைத்தனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ராஜாலிய. நம் ராஜாளிப் பறவைதான். அங்கு நின்ற கோர்சேர் விமானம் ஒவ்வொன்றிலும் அரை அங்குல இயந்திரத் துவக்குகள் ஆறு. மழைச்சேற்றிற் புதையும் அவற்றை யானை கட்டி இழுத்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. வடக்கிலே பின்னாளிற் சிறு பிள்ளையும் ஐம்பது கலிபர் என்று பெயர் சொல்லி அறிந்திருந்ததும் அந்த அரை அங்குல அளவுதான். ராஜாளியின் துவக்குகள் எம்மை நோக்கியவை அல்ல. யுத்தம் முடிந்ததும் வந்தவர் போனார்கள். ஊர் அப்படியே இருந்தது.

1983இல் மூண்டு 2009 வரை நீடித்த யுத்தம் அப்படிப்பட்டதன்று. எமது களப்பைப் போன்றதே யாழ்ப்பாணக் கடனீரேரி. ஆழமில்லாத நீர், இறால், தோணி, கண்டற்செடி. 1990இன் பின் தரைவழி அடைபட்டதால், யாழ்ப்பாண மக்கள் கிளாலியிலிருந்து இரவோடிரவாக அதனைப் படகிற் கடந்தார்கள். அரசாங்கம் அந்நீர்ப்பரப்பைத் தடைசெய்த வலயம் என்று அறிவித்திருந்தது. வைத்தியத்துக்குப் போவோரும் பல்கலைக்கழகத்துக்குப் போவோரும் உறவினரைப் பார்க்கப் போவோரும் விளக்கின்றி அதனுள்ளே சென்றார்கள். 1993ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி இரவு கடற்படையினர் அப்படகுகளைத் தாக்கியதிற் பொதுமக்கள் பலர் இறந்தனர். மறுநாளும் அதன் மறுநாளும் மக்கள் கடந்தார்கள். வேறு வழி இல்லை. களப்பிலே தொழில் செய்யும் எம்மவர் இதனைப் படிக்கும்போது தம் தோணியை ஒரு கணம் அங்கே வைத்துப் பார்க்கலாம்.

இனி அந்தப் பிள்ளையின் உம்மம்மாவிடம் வருவோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள், வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் வாழ்ந்த முஸ்லிம்களை வெளியேறும்படி பணித்தார்கள். 70,000க்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேறினர். யாழ்ப்பாண நகரில் ஒலிபெருக்கி கட்டி, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரம் தவணை கொடுத்தார்கள். மன்னார்த் தீவினர் பலர் வாடைக்காற்றுக் காலத்துக் கடலில் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்துதான் புத்தளம் மாவட்டமெங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன.

அந்த நாட்களைப் பற்றி எம்மிடம் பேசிய எவரும் துவக்கின் பெயரைச் சொன்னதில்லை. வாசலில் ஆயுதத்தோடு பையன்கள் நின்றார்கள் என்பார்கள், அவ்வளவுதான். நின்றது இயந்திரத் துவக்கா, வேறா என்று எவர் பார்த்தார்? பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன், ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தவர்களுள் 100க்கு மேற்பட்டோர் ஓயாத சூட்டில் இறந்த செய்தி வடக்கு வரை போயிருந்தது. அங்கே சுடப்பட்ட ரவைகள், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வீடுகளின் கதவையும் தட்டின என்றே சொல்ல வேண்டும். போர்ப்பயிற்சி நூல் நூறு மீட்டர் என்று அளந்த நீள்வட்டம் இங்கே எத்தனை மாவட்டங்கள் நீண்டுவிட்டது! வடக்கில் அன்று அதிகம் சுடவேண்டிய தேவையே எழவில்லை. ஐந்து மாவட்டங்களின் முஸ்லிம் தெருக்கள் ஒரே கிழமையில் வெறிச்சோடின.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்படி வெறுமையான ஊர்கள் உண்டு. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயம் என்று முள்வேலி இட்ட காணிகளை, உரியவர்கள் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். யார் யாரை வெளியேற்றினார் என்று பட்டியல் எழுதி ஒன்றுக்கு மற்றொன்றைச் சமன் காட்டுவதில் எமக்கு விருப்பம் இல்லை. இரு சாராரின் கையிலும் ஒரே குலத்துத் துவக்கு இருந்தது. இரு சாராரின் கையிலும் அது ஒரே வேலையைச் செய்தது.

மதுரங்குளிப் பக்கத்தார் அன்று வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். தென்னந்தோட்டத்து மூலையில் இடமும் கொடுத்தார்கள். அந்த நன்றி சொல்லப்படாமல் இருக்கக்கூடாது. நாள் செல்லச் செல்ல, கிணற்றடியில் வரிசை நீண்டது, பாடசாலை வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தார்கள், கூலி குறைந்தது. அகதி என்ற சொல் ஒரு தலைமுறைக்குப் பின்னும் சிலர் வாயில் தங்கிவிட்டது. அதுவும் சொல்லப்பட வேண்டியதே. இங்கு பிறந்து, இந்த உப்புக்காற்றில் வளர்ந்து, க.பொ.த. சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளையை இன்னும் வந்தவர் என்பது எமக்கு நாணமாக இருக்கிறது.

2009இன் பின் சிலர் திரும்பினார்கள். இருபது ஆண்டுப் பற்றைக்காடு. வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றைக் கண்டுபிடித்தே காணியைக் கண்டுபிடித்தோம் என்று திரும்பிப் போனவர்கள் சொல்லுகிறார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு மீண்டும் புத்தளத்துக்கே வந்தார்கள். மகள் இங்கே கலியாணம் முடித்திருக்கிறாள், பேரப்பிள்ளை இங்கே படிக்கிறது. வேறு சிலர் குடியிருப்பது இங்கும் வாக்கிருப்பது அங்குமாக வாழ்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். வாக்குப் பதிவு மன்னாரில் உள்ளவர்கள், புத்தளத்திலிருந்து வரிசையாகப் பேருந்துகளிற் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பகுதியில் வீதியிலே டயர்களைக் கொளுத்தி வழியை மறித்துச் சிலர் பேருந்துகளை நோக்கிச் சுட்டார்கள், கல்லும் எறிந்தார்கள். எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சுட்டவர்களும் எவரையும் கொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்கத் தேவையில்லை. பேருந்துகள் திரும்பிவிட்டால் அவர்களுக்குப் போதும். பொலிசாரும் படையினரும் வந்து வழியைத் திறந்தார்கள். பேருந்துகள் புத்தளத்தை நோக்கித் திரும்பவில்லை, மன்னாருக்கே சென்றன. ஏறியிருந்தவர்கள் தத்தம் வாக்குச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.